பதினாறு தையல்

நெல்லை விட்ட உமி என் இடது கண்ணைப் பிடித்தது.
புதுவயல் களத்தில், மாசிக் காற்றில்.
முந்தானை நுனியை ஊதிச் சூடாக்கி ஒத்தினேன்.
எதிர்வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி தாய்ப்பால் பீச்சினாள்.
நந்தியாவட்டையைக் கசக்கிப் பிழிந்தாள் மலையரசி.
பூவைப் பிழிந்த கண்ணில்
நாலாம் நாள் பூ விழுந்தது.

மணக்காத பூ. கஞ்சித் தண்ணீர் நிறம்.
அதன் வழியே
முதலாளியும் பாய்லர்ப் புகையும் ஒன்று.

காரைக்குடியில் சுரண்டி எடுத்து
கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்து
"காளான்" என்றார்கள். "உமியில் ஏறி வந்திருக்கு."
மணிக்கொரு சொட்டு, ராத்திரியும்.
சாமத்தில் அலாரம் அடித்து எழுகிற என்னை
வீட்டுக்காரர் கேட்டார்:
"யாருக்குடி பால் குடுக்குறே?"
நாற்பது நாள் ஊட்டினேன். காளான் செத்தது.
பூ வாடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது.
"கண் வந்திருக்கு, சாப்பிடாம வாங்க."
லோடு வந்திருக்கு என்று லாரிக்காரன் சொல்கிற அதே குரல்.
யாருடையது? சொல்லக் கூடாதாம்.
வயது அறுபத்தெட்டு என்று மட்டும் தாளில் இருந்தது.
அந்த வாரம் பள்ளத்தூரில் ஒரு சாவு, கோட்டையூரில் இரண்டு.
மூன்று வீட்டு வாசலிலும் மனசுக்குள் போய் நின்றேன்.
ஏதோ ஒரு வீட்டில்
அழுகைக்கு நடுவே எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தி
இமைமேல் ஈரப் பஞ்சு வைத்திருக்கிறார்கள்.
அந்தக் கையை எனக்குத் தெரியாது.
இந்த மூன்று ஊரே இல்லாமலும் இருக்கலாம்.

டாக்டர் சலேத்து ராணி
என் பூவை வட்டமாக வெட்டி எடுத்தார்.
அகலம் ஏழரை மில்லிமீட்டர் என்று நர்ஸிடம் சொன்னது காதில் விழுந்தது.
ஏழரை.
சனி விட்டது என்று படுத்தபடியே நினைத்துக்கொண்டேன்.

நான் தைக்கிறவள்.
கோணி ஊசி, சணல் நூல்.
எழுபத்தைந்து கிலோ மூட்டை வாய்க்கு ஒன்பது தையல்;
லாரி அறந்தாங்கி ரோட்டில் எவ்வளவு குலுங்கினாலும்
ஒரு அரிசி சிந்தாது.
அவர் போட்டது பதினாறு,
தலைமுடியைவிட மெல்லிய நைலானில்.
கட்டுப் பிரித்த அன்று கண்ணாடி வாங்கி
தொழில்காரியாக எண்ணிப் பார்த்தேன்.
சீரான இடைவெளி. நல்ல கை.
இரண்டு மணி இருக்கும் பக்கம் ஒன்று மட்டும் கொஞ்சம் இறுக்கம்.
சொன்னேன்.
கருவியில் குனிந்து வெகுநேரம் பார்த்து
"ஆமா" என்றார்.
அந்த இறுக்கத்தால்தான்
நிலா எனக்கு முட்டையாகத் தெரிந்ததாம்.

ஒன்றரை வருஷத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.
மிச்சக் கோணலுக்கு லேசர்.
"பச்சைப் புள்ளியையே பாருங்க."
முப்பத்தெட்டு வினாடி. டக் டக் டக் என்று
அடுத்த அறையில் யாரோ தட்டச்சு செய்வதுபோல்.
பிறகு மயிர் கருகும் வாடை.
உமி எரிவதை மோந்தே வளர்ந்த மூக்கு,
வாடைக்குப் பயமில்லை.
கருகுவது நான், சுடவில்லை;
பயமென்றால் அதுதான்.

இனி மூட்டை தூக்கக் கூடாது. கண்ணைக் கசக்கவே கூடாது.
களத்தில் கறுப்புக் கண்ணாடி;
பையன்கள் விசில் அடிக்கிறார்கள், அடிக்கட்டும்.
"சிவந்தால், கூசினால், மங்கினால்
அன்னைக்கே வந்துடணும்" என்றார் டாக்டர்.
வந்தது வெளியாள் என்று
உடம்பு எப்போது வேண்டுமானாலும் கண்டுபிடிக்குமாம்.

அதனால் காலையில் வேலை தொடங்குமுன்
வலது கண்ணைப் பொத்திக்கொண்டு
புகைபோக்கியில் எழுதியிருப்பதைப் படிக்கிறேன்,
மேலிருந்து கீழே:
சொர்ணவல்லி மாடர்ன் ரைஸ் மில்.
இன்றைக்கும் படித்தேன்.
'மில்'லின் புள்ளியில் பெயிண்ட் உதிர்ந்திருக்கிறது.
முதலாளியிடம் சொல்ல வேண்டும்.