சரிவு படத்தில் விழுவதில்லை

ஓப்புவோவில் டீசல் அடிக்கும்போதே கவாரி சொல்லிவிட்டாள்:
"நீ எடுப்பதில் எதுவும் செங்குத்தாகத் தெரியாது.
போன வருஷ வீடியோவைப் பார்த்துவிட்டு என் அக்கா
இதற்கா இத்தனை அலறல் என்றாள்."

உண்மைதான்.
மலை என்றால் லென்ஸுக்கு இளக்காரம்.
வயிறு தொண்டைக்கு ஏறிய இடமெல்லாம்
திரையில் பள்ளிக்கூட மைதானம்.
அதனால் இம்முறை
உட்கண்ணாடியில் நூல் கட்டி
என் வீட்டுச் சாவியைத் தொங்கவிட்டேன்.
வண்டி எப்படிச் சாய்ந்தாலும்
சாவி பூமியின் கட்சி.

மோப்பானே மரங்கள் தீர்ந்துபோகிற இடத்தில் இறங்கி
டயர்களில் பாதிக் காற்றைத் திறந்துவிட்டோம்.
நான்கு பாம்புகள் சீறி அடங்கின.
விறைத்த டயர் கல்லோடு மல்லுக்கு நிற்கும்,
தொளதொளத்தது அதைத் தடவிப் பார்த்து ஏறும்.

பிறகு அவள் நடந்தாள்.
வண்டியை மேலேயே நிறுத்திவிட்டு, சரிவின் அடிவரை,
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு,
ஒவ்வொரு கல்லையும் செருப்புக் காலால் உதைத்து:
எது உருளும், எது உட்கார்ந்திருக்கும்,
எந்த முனை டிஃபரன்ஷியல் உருண்டையைக் கிழிக்கும்.
இருபது நிமிடம்.
நான் பதிவு செய்யவில்லை.
ஒருத்தி நடப்பதை யார் பார்க்கப்போகிறார்கள்?

லோ ரேஞ்ச். முதல் கியர்.
கட்டைவிரல்கள் ஸ்டியரிங்குக்கு வெளியே;
சக்கரம் மோதி வெட்டித் திரும்பினால்
முதலில் முறிவது அவைதான்.
பிரேக்கைத் தொடாதே, தொடாதே, என்று
ஹெரேரோவில் தனக்கே சொல்லிக்கொண்டாள்,
என்ஜின் பிடித்துக்கொள்ளும்.
பெரிய கல்லை நடுவில் விட்டுத் தாண்டாமல்
அதன் தலைமேலேயே டயரை வைத்தாள்.

நான் கீழே, பின்பக்கமாக நடந்தபடி, கேமராவுடன்.
மூன்றாவது பாறைப் படியில்
வலது பின்சக்கரம் தரையை விட்டது.
ஜன்னலுக்கு வெளியே அவள் தலை:
"எந்தப் பக்கம்?"

இடது முன்சக்கரம் விளிம்பில் பாதி, வெறுவெளியில் பாதி.
அவள் இருக்கையிலிருந்து அது தெரியாது.
எனக்குத் தெரிந்தது, உள்ளங்கை அகலத் திரையில்.
ஒரு நொடி,
சொல்லவே கூச்சமாக இருக்கிறது,
வெளிச்சம் என்ன அழகு என்று நின்றேன்.

பிறகு கேமராவைப் பாறைமேல் போட்டுவிட்டு
இரண்டு கைகளையும் தூக்கினேன்.

இரவு நெருப்பருகே பதிவை ஓட்டினோம்.
இறக்கம் முழுக்க அக்கா சொன்னபடியே சமதளம்.
சாவி மட்டும்
வெளியே குதிக்கப் பார்க்கிறவன்போல
முன்கண்ணாடியை நோக்கி நீண்டிருந்தது.
அப்புறம் சட்டென்று வானம்.
பதினோரு நிமிடம் வானம்,
ஓரத்தில் ஒரு முட்செடி.
கிழிகிற என் குரல்: வலது, வலது,
என் வலது இல்லை, உன் வலது!
நில். விரலளவு. இன்னும் ஒரு விரல்.
கல் நொறுங்குகிறது.
யாரோ மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடவில்லை.
டயர் எதையோ கண்டுபிடித்துக் கவ்வுகிறது.

ஒரு ஆடு வந்து லென்ஸை நக்கியது.
அதை ஓட்ட வந்த பையன்
(முஹருகுவா என்று பிறகு பெயர் சொன்னான்)
"விழவில்லையா?" என்று கேட்கிறான்,
கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

கவாரி அந்த வானத்தை மூன்று முறை பார்த்தாள்.
"இதை அக்காவுக்கு அனுப்பு.
இதில் தெரிகிறது சரிவு."

சாவியை அவிழ்க்க மறந்துவிட்டேன்.
நாளை ஏற்றம்.
அது எங்கள் பக்கமாகச் சாயும்.