மூன்றாம் வரைபடம்

முதல் வரைபடத்தில்
காகிதப்பூத் தொட்டிகள் நாற்பது,
பஸ் நிற்கும் இடத்திலிருந்து
பழைய துரை பங்களா வாசல்வரை.
படம் எடுக்க நல்ல சிவப்பு.
பின்னால் ஆறு கெலுலுட் பெட்டிகள்;
கொட்டத் தெரியாத ஈக்கள்.
பெட்டியிலிருந்தே உறிஞ்சிக் குடிக்க
ஆளுக்குப் பதினைந்து வெள்ளி.

இரண்டு வாரம்.
மெழுகுக் குழாயின் வாயில்
நாலைந்து ஈக்கள் உட்கார்ந்து
என் தோட்டத்தைப் பார்த்தன.
பார்த்துவிட்டு அதன் மேலாகவே
சாக்கடை ஓரத்துக்குப் பறந்தன.

இரண்டாம் வரைபடத்தில் லாவண்டர் எழுதினேன்.
லாபிஸ் வெயிலில் அது
ஒரு திங்கட்கிழமை வரை இருந்தது.

"சாக்கடை ஓரத்துல என்ன இருக்குன்னு
போய்ப் பாத்தீங்களா சார்?"
என்றாள் நாகவல்லி,
களை பிடுங்க நாள்கூலிக்கு வந்தவள்.

செண்டுடோக் இருந்தது. ஊதாப் பூ,
நாக்கைக் கறுப்பாக்கும் பழம்.
மெமாலி இருந்தது, யாரும் நடாமல்.
பதினெட்டு வருஷம் இவள் முதுகில் பம்பு,
மூன்றாம் டிவிஷன் செம்பனை வரிசைகளில்.
மருந்தடித்த செடிகளின் பெயரெல்லாம் தெரியும்.
எது முதலில் கருகும்,
எது ஒரே மழையில் திரும்ப எழும்,
எந்த வாய்க்காலுக்குள் ஒளிந்துகொள்ளும்.

தாளை வாங்கினாள், பென்சிலை வாங்கவில்லை.
நகத்தால் கீறினாள்:
"இங்க செண்டுடோக். இது கருவண்டுக்கு.
பூவைப் புடிச்சிக்கிட்டு உறுமும், பாத்திருக்கேன்.
அப்பத்தான் மாவு கொட்டும்.
சின்ன ஈக்கு மெமாலி.
அந்த ரம்புத்தானை வெட்டாதீங்க.
புல்லு மிஷினை மட்டும்
பூக்கிற மாசம் பூட்டி வைங்க."

முதலாளி ஹோ வந்து பார்த்தார்.
"காசு கொடுத்துப்
புதர் பார்க்கவா வருவார்கள்?"
பலகை வைத்துவிடலாம் என்றேன்.
"என்ன எழுதுவாய்?"
எனக்கு வரவில்லை.
இன்னும் பலகை வெறுமையாகத்தான் நிற்கிறது.

மெமாலிக் கொத்தில் இப்போது
எள் இறைத்த மாதிரி ஈக்கள்.
கிள்ளானிலிருந்து வந்த பிள்ளை ஒன்று
செண்டுடோக் பழம் தின்றுவிட்டு
அம்மாவின் கேமராவுக்கு
நாக்கை நீட்டுகிறது.
காகிதப்பூத் தொட்டி நாலை மட்டும்
விட்டு வைத்திருக்கிறோம்,
ஹோவுக்காக.

நாகவல்லி நாற்று நடுகிறாள்.
குனியுமுன் ஒவ்வொரு தடவையும்
இடது தோளுக்குக் கை போகிறது,
அங்கே இல்லாத வாரைக்
கொஞ்சம் இழுத்துவிட.