குடத்துக்குள் எட்டு

விடிகாலை ஐந்தேகால். ஔலுவில் மைனஸ் பதினாறு.
மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு
ஏழு கிலோமீட்டர், இரண்டு பாலம்.

ஆர்வோவின் சைக்கிளில் எல்லாமே வெளியே.
பின்சக்கரத்தில் அடுக்கிவைத்த ஒன்பது பல்வட்டம்,
கீழே தொங்கும் இரண்டு குட்டிச் சக்கரம்,
சங்கிலியைத் தள்ளித் தள்ளி ஏற்றும் ஓர் இரும்புக் கை.
இருபத்தேழு கியர் என்பான்.
பின்னாலேயே போய் எண்ணியிருக்கிறேன்,
ஐந்தைத் தாண்டியதில்லை.

என்னுடையதில் எட்டு.
எங்கே என்று குனிந்து தேடுவார்கள்.
சக்கரத்தின் குடத்துக்குள்
நடுவில் ஒரு சூரியப்பல், சுற்றிலும் கோள்கள்
எண்ணெயில் நனைந்தபடி.
போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு.
டிசம்பர் முழுக்க என்னோடு வருவது
அந்தச் சூரியன்தான்.
அதையும் நான் பார்த்ததில்லை.

குடத்திலிட்ட விளக்கு என்று ஏளனம் செய்யலாம்.
குன்றிலிட்டுக் காட்ட
எங்கள் ஊரில் குன்றே கிடையாது.

சிவப்பு விளக்கில் நின்ற இடத்திலேயே
இரண்டுக்கு இறக்கிவிடுவேன்.
அவனுக்கோ சக்கரம் ஓடினால்தான் மாறும்;
பச்சை விழுந்ததும் எழுந்து நின்று
மாடு இழுப்பதுபோல் மிதிப்பான்.
நவம்பரில் பனிக்கூழ் அப்பி
இரும்புக் கை விறைத்துக்கொள்ளும்.
பாலத்தின் நடுவே பிளாஸ்கைத் திறந்து
அதன்மேல் காபி ஊற்றுவான்.
கொஞ்ச நேரம் வாசனை.
பிறகு காபியும் உறைந்துவிடும்.

நான் சிரித்தது உண்மை.

ஜனவரியில் ஒருநாள், மைனஸ் முப்பத்தொன்று.
அதே பாலம்.
மிதித்தேன். மிதி சுற்றியது.
சக்கரம் சுற்றவில்லை.
உள்ளே கிரீஸ் மெழுகாக இறுகி
கொக்கிகள் எழவில்லை போலும்.
முறிந்த சத்தமில்லை, அறுந்த கம்பியில்லை.
எங்கே வலிக்கிறது என்று சொல்லாத நோயாளி.
எதைத் தட்டுவது?

ஆர்வோ வந்தான்.
அவனுடையது மூன்றிலேயே உறைந்திருந்தது,
ஆனாலும் ஓடியது.
குனிந்தான். பார்க்க ஒன்றுமில்லை.
இமையில் பனியோடு
பிளாஸ்கைத் திறக்கப் போனான்.
வேண்டாம், குடிப்போம் என்றேன்.

மூடியில் ஒரு வாய் எனக்கு, ஒரு வாய் அவனுக்கு.
ஏற முடிந்தவனும் ஏறாமல்
மீதி நாலு கிலோமீட்டர் உருட்டியே வந்தான்.
இருவருக்கும் அரைமணிச் சம்பளம் போயிற்று.

துணி உலர்த்தும் இயந்திரங்களின் பக்கத்தில்
சாய்த்துவைத்தேன்.
ஒன்பது மணி இடைவேளையில்
பின்சக்கரத்தைத் தூக்கி
மிதியைக் கையால் சுற்றினேன்.
உள்ளே ஏதோ ஒன்று
டிக்கென்று பற்றிக்கொண்டது.

போர்வை மூட்டைகளுக்கு அப்பாலிருந்து
ஆர்வோ கத்தினான்:
என்னவாம் அதுக்கு?

சொல்லவில்லை என்றேன்.