சுவை: இல்லை

காலை நாலரைக்கு ஒரு கரண்டி.
நாக்கின் நுனியில், பிறகு ஓரங்களில்,
பிறகு அடிநாக்கில் ஒரு நொடி நிறுத்தித்
துப்பிவிட வேண்டும்.
படிவத்தில் ஏழு கட்டங்கள்.
நிறம்: சாம்பல். சூடு: கை பொறுக்கும் அளவு.
கட்டி: இல்லை. மணம்: இல்லை.
சுவை என்ற கட்டத்தில்
பதினோரு வருஷமாக
ஒரே சொல்லை எழுதிச் சம்பளம் வாங்குகிறேன்.

கடலூர் முதுநகர், நாலாம் எண் கஞ்சிக்கொட்டில்.
முன்பு மீன் ஏலம் போட்ட கூடம்.
எத்தனை முறை அமிலம் ஊற்றிக் கழுவினாலும்
மழைக்காலத்தில் சிமெண்டுத் தரை
தன்னையறியாமல் கொஞ்சம் நெத்திலியாகிவிடும்.
அன்றைக்கு வாசனைத் துறையிலிருந்து ஆள் வருவார்கள்.

என்னைத் தேர்ந்தெடுத்ததே
நல்ல நாக்கு என்பதால்தான்.
ஒரு வாளித் தண்ணீரில்
ஒரு கல் உப்பு விழுந்தால் சொல்லிவிடுவேன்.
இல்லாததைக் காவல் காக்க
இருந்தால் எப்படியிருக்கும் என்று
தெரிந்தவள்தான் வேண்டும்.

ருசி கண்ட வாய் இன்னும் கேட்குமாம்,
கஞ்சியோடு நிற்காதாம்.
"உப்பில்லாப் பண்டம்" என்று யாராவது தொடங்கினால்
மீதியை முடிக்காமல்
இருமிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.
உப்பனாற்றுக்கும் பெயர் மாற்றியாயிற்று.
வரைபடத்தில் அது வாய்க்கால் ஒன்பது.
ஆறு இன்னும்
படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

கடலைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.
சோனங்குப்பம் வரைக்கும் தகரவேலி.
தகரம் துருப்பிடிப்பதை
ஜனங்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.
ஒருத்தன் அதை நக்கி
ஆறு மாதம் உள்ளே போனான்.

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள்
கரண்டியை வாயில் வைத்தேன்.
நுனி. ஓரம்.
ஓரத்தில் யாரோ
விரல் நகத்தால் கதவைத் தட்டினார்கள்.

துப்பவில்லை.
இன்னொரு கரண்டி.

பம்பு பார்க்கும் பாவாடை வாசலில் நின்று
தன் சட்டையின் கடைசிப் பொத்தானையே பார்த்திருந்தார்.
"ராத்திரி ஏத்தம் ஜாஸ்திக்கா.
வாய்க்கால் தண்ணி உள்ள வந்துருச்சு போல.
குழாய்ல ஒரு விரிசல்."
"எப்ப விழுந்தது?"
"பார்த்தது இன்னைக்குத்தான்."
பார்த்தது என்ற சொல்லை
முட்டையைக் கீழே வைப்பதுபோல வைத்தார்.
அவர் நகக்கண்ணில் இரும்புத்தூள்.
நான் அதற்குமேல் கேட்கவில்லை.

விதி தெளிவானது.
சிவப்பு விளக்கைப் போட வேண்டும்,
ஆயிரத்து நானூறு பேர் கஞ்சியைக்
கால்வாயில் கொட்ட வேண்டும்.
வரிசை ஏற்கெனவே ரயில்வே கேட்டைத் தாண்டியிருந்தது.

பேனா மூடியைத் திறந்தேன்.

முதல் தட்டு ஜெயக்கொடிக்கு.
சிப்காட்டில் ராத்திரி வேலை முடித்து வருபவள்,
மருந்து மாதிரி நின்றபடியே விழுங்கிப் போய்விடுவாள்.
இன்று இரண்டாம் வாய்க்கு
உட்கார்ந்துவிட்டாள்.
குத்தூஸ் பாயின் தாடை பாதியில் நின்று
திரும்ப ஓட ஆரம்பித்தது.
ஆறு வயசுப் பையன் ஒருவன்,
அவனிடம் இதற்குச் சொல் கிடையாது,
"அம்மா, கஞ்சி கடிக்குது" என்றான்.
அவள் சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள்.
பொத்திய கையைக் கொஞ்ச நேரம் கழித்துத்
தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
கரண்டிகளின் சத்தம் மட்டும், அதுவும் நிதானமாக.
இந்தக் கூடத்தில் ஒருவர்
மெதுவாகச் சாப்பிட்டு நான் பார்த்ததேயில்லை.

எட்டு மணிக்கு அதிகாரி வந்தார்.
நிறம், சூடு, கட்டி, மணம் என்று
விரலை ஓட்டிக்கொண்டே வந்து
"சுவை?" என்றார்,
எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று.
வாய்விட்டுப் படித்துக் காட்டினேன்.
பொய் சொன்னால் நாக்கு உலரும் என்பார்கள்.
எனக்கு ஊறியது.

அவர் போனபின் நாட்காட்டியைப் பார்த்தேன்.
பாவாடை எனக்கு முன்பே
அங்கே நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.
பௌர்ணமி ஏத்தத்துக்கு
இன்னும் பதினாலு கஞ்சி.