பச்சை முடிகிற இடம்

பச்சை முடிகிற இடத்துக்கு
இரண்டு விரற்கடை மேலே வெட்டு
என்றுதான் சொல்லிவிட்டுப் போனேன்.
ப்ரோஷ்பெருக்குக் காது மந்தமில்லை.
கப்பல்துறையில் இயந்திரம் பழுதுபார்க்கிறவன்;
எதையும் எலும்புவரை கழற்றினால்தான்
வேலை முடிந்ததாக நம்புவான்.

பல் பிடுங்க நான் ஸ்ப்ளிட்டுக்குப் போயிருந்த
அந்த ஒரு பகலில்
பதினொரு லாவெண்டர் புதர்களையும்
சாம்பல்நிறக் கட்டைவரை மழித்திருந்தான்.
வீங்கிய கன்னம், வாய் நிறையப் பஞ்சு.
திட்டக்கூட முடியவில்லை.

"துளிர்க்கும்" என்றான்.
ரோஜா துளிர்க்கும். அத்தி துளிர்க்கும்.
திராட்சைக்கு வெட்டுப்படுவதே விருந்து.
லாவெண்டரின் முற்றிய கட்டைக்குள்
எழுப்புவதற்கு ஒரு மொட்டும் உறங்குவதில்லை.

அவன் சாயங்காலம்தோறும் குழாயைப் பிடித்து நின்றான்.
கல்லைத் தின்று வளர்கிற செடி,
தாகத்தில்தான் அதற்கு மணம் ஊறும்.
காய்ச்சல்காரனுக்கு சூப் புகட்டுவதுபோல்
புகட்டிக்கொண்டே இருந்தான்.
மே மாதம் வேர் அழுகிய வாடை வந்தது.
ஜூனில் தேனீக்கள் வந்தன,
கட்டைகளுக்கு மேல் ஒரு சுற்று,
சந்தேகம் தீர இன்னொரு சுற்று,
பிறகு சுவர் தாண்டி
யெர்கோவின் தோட்டத்துக்குப் போய்விட்டன.
அன்றைக்குத்தான் குழாயை மூடினான்.

பிடுங்கிய பல்லின் குழிக்கே
என் நாக்கு போய்ப் போய் வரும்.
அவனும் விடிந்ததும் அங்கேயே போய் நிற்பான்.
நாங்கள் அதைப்பற்றிப் பேசவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் இருட்டோடு எழுந்து
யெர்கோவின் சுவரேறிக் குதித்தான்.
(யெர்கோ ஜன்னலில் நின்று பார்த்தது எனக்குத் தெரியும்.
போன வருஷம் எங்கள் வெள்ளரிக்காய்கள்
காணாமல்போன கணக்கு அவருக்கும் தெரியும்.)
திரும்பியபோது சட்டைப்பையில்
பூக்காத இளந்தண்டுகள்,
கணுவுக்குக் கீழே சாய்வாக நறுக்கியவை,
அடியிலைகள் உருவியவை.
அப்படியானால் இத்தனை வருஷமும்
நான் சொன்னதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது!

தயிர்க்கோப்பைகளில் சூடான ஆணியால் துளையிட்டு
மணல் பாதி, மண் பாதி.
பத்தொன்பது கோப்பைகள், ஜன்னல் விளிம்பில்.
"தண்ணீர்?" என்பான்.
"வேண்டாம்."
மறுநாள், "தண்ணீர்?"
"வேண்டாம்."
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
சும்மா நிற்கப் பழகினான்.
பாவம், அதுதான் அவனுக்குக் கடினமான வேலை.

குளிர்காற்று ஐந்தைக் கொண்டுபோயிற்று.
பழைய கட்டைகளை அவனே பிடுங்கி
அடுப்பில் வைத்தபோது
செத்த மரம் வீடு முழுக்க மணந்தது.
இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பதினான்கு செடிகள். சரளைக்கல் மேட்டில்,
முழத்துக்கு முழம், இரும்பு அளவுகோலால் அளந்து.
கத்தரிக்கோலை நான் ஒளித்துவைக்கவில்லை.
எண்ணெயிட்டு அவன் பெட்டியிலேயே போட்டேன்.

நேற்று பார்த்தேன்:
அதன் பிடியில் சிவப்பு நாடா,
இரண்டு விரற்கடை அகலத்துக்கு.