ஒரு புள்ளி, பத்து வீடு

முதல் வாரம் முழுக்க நிறத்தைப் பற்றியே பேச்சு.
பச்சை வேண்டாம் என்றார் சோமசேகர்.
காவி வேண்டவே வேண்டாம். நீலம் வைத்தால்
யாருக்கென்று சொல்லாமலே தெரிந்துவிடும்.
கடைசியில் நான்கு பழுப்பு மிஞ்சியது:
புளி, கருப்பட்டி, ஈரச் செங்கல், ஆறிப்போன டீ.
திரையில் பெங்களூரு
அம்மை வார்த்த முதுகு மாதிரி விரிந்தது.

ஒரு புள்ளிக்குப் பத்து வீடு.
எந்தத் தெரு, எந்தக் கதவு என்று மென்பொருளுக்குத் தெரியாது.
வட்டாரத்துக்கு நாற்பது புள்ளி என்றால்
கைப்பிடிக் கடுகாய் எறியும்.
விழுந்த இடம் விலாசம்.

செவ்வாய் மாலை ஓடவிட்டோம்.
ஏரி நடுவில் இரண்டு,
தண்டவாளத்தின் மேல் ஒன்று,
ராஜகாலுவேக்கு அந்தப் பக்கம் இருக்கவேண்டிய
ஒன்பது கருப்பட்டிப் புள்ளிகள்
சாக்கடை தாண்டி, இரட்டை மதில் தாண்டி
அடுக்ககத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தன.

தொண்ணூறு குடும்பம்.
பத்து மாத அட்வான்ஸ் இல்லை.
முழுப்பெயர் என்ன, அடுப்பில் என்ன வேகும்,
யாரும் கேட்கவில்லை.
(தங்கவயல் என்றதும் என்னிடம் புரோக்கர் லோகேஷ் கேட்டது:
‘தமிழ்னா, எந்தத் தமிழ்?’)

‘எரர்’ என்றார் சோமசேகர்.
பிழை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.
எப்படியாவது பிழைத்துக்கொள் என்பதிலும்
அதே சொல்தான் இருக்கிறது.

அந்த ஒன்பதில் ஒன்றின் பத்தில் ஒரு பங்கு
தஸ்தகீர் வீடு. நானே போய்த் தட்டிய கதவு.
கியர்பாக்ஸ் பிரித்த கையோடு கையெழுத்துப் போட்டார்;
படிவத்தில் இன்னும் கிரீஸ் வாசம்.
மனைவி முபீனா
அதே அடுக்ககத்தில் மூன்று வீட்டுப் பாத்திரம்,
காலை ஏழிலிருந்து இரண்டு வரை.
ஏழாம் மாடியில் அவள் பெயர் மீனா.
எங்கள் படிவம் தூங்கும் இடத்தை மட்டும் கேட்கிறது.
பகலுக்குப் புள்ளி கிடையாது.

கூரை வகையைச் சேர்த்தால் சரியாகும் என்றாள் நாகவேணி.
கான்கிரீட்டுக்குக் கான்கிரீட், ஷீட்டுக்கு ஷீட்.
புதன் காலை மறுபடி ஓட்டினோம்.
ஏரியில் கிடந்தவை கரையேறின.
தண்டவாளத்தில் இருந்தது எழுந்து விலகியது.
ஒன்பதும், லாரி வராமல், சாமான் கட்டாமல்,
ஒரே நொடியில் வீட்டைக் காலிசெய்துவிட்டு
கால்வாயைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தன.
அங்கே ஏற்கெனவே இருந்த புள்ளிகளோடு ஒட்டி
ஒரே கறையாகிவிட்டன.
துல்லியம் தொண்ணூற்றேழு சதவீதம்.
நாகவேணி எல்லோருக்கும் வடை வாங்கினாள்.

சனிக்கிழமை சரிபார்க்கப் போனபோது
முபீனா கேட்டாள், எங்கள் வீடு எங்கே தெரிகிறதென்று.
என் போனில் இருந்தது செவ்வாய்க்கிழமை வரைபடம்.
மாற்ற மறந்துவிட்டேன் என்றுதான்
இப்போதும் சொல்லிக்கொள்கிறேன்.

ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு
இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள்.
கேட், கார் நிறுத்தம், துளசி வைத்த வட்டம், பி பிளாக்,
வழி எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.
புள்ளியின் மேல் நகத்தை வைத்தாள்.

‘இது வீடில்ல சார். பம்ப் ரூமு.
ராத்திரி பகலா மோட்டார் ஓடும்.
இங்க யாரு தூங்க முடியும்?’