புள்ளடி

ஓல்ட்டன் ரயிலடிக்குப் பின்னால்
ஆரெ ஆறு வளைகிற இடத்தில்
நாற்பத்தேழாம் எண் தோட்டம் என்னுடையது.
விதிகள் பதினொரு பக்கம்.
வேலி இடுப்புக்கு மேல் போகக் கூடாது.
ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டக் கூடாது.
சேம்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

குசினி அலுமாரிக்குள் மறந்துபோய்
முளைவிட்டுக் கிடந்த ஐந்து கிழங்கை
மே மாதம் தக்காளிக்குப் பக்கத்தில் தாட்டேன்.
இரவெல்லாம் ரயில்பெட்டி கழுவிய கையால்
விடிய வந்து தண்ணீர் வார்த்தேன்.
ஜூலையில் எழும்பியது பாருங்கோ,
அயலட்டை ஒட்டுக் கேட்கிற மாதிரி
காது காதாய்.
மழை பெய்தாலும் இலை நனையாது.
துளி திரண்டு, நடுவில் நின்று யோசித்து,
பிறகுதான் சரியும்.

பக்கத்துத் தோட்டத்து ஹுன்ட்சிக்கர் அம்மா
எதையும் கடித்துப் பார்த்துவிட்டே பேர் கேட்பவ.
தண்டைக் கடித்தா.
ஆயிரம் ஊசி தொண்டைக்குள்.
பேர் கேட்கக் குரல் வரவில்லை,
அம்புலன்ஸ் வந்தது.

மறுவாரம் சங்கத்திலிருந்து படிவம்.
இரண்டு கட்டம்: அலங்காரச் செடி, காய்கறி.
ஒன்றுக்கு மட்டும் புள்ளடி இடவும்.
ஓரத்தில் யாரோ பென்சிலால்
நஞ்சு என்று எழுதி, கேள்விக்குறி போட்டு,
அழித்தும் இருந்தார்கள்.

நான் ஓரத்திலேயே பதில் எழுதினேன்:
அடுப்புக்கு முன் ஒன்று, அடுப்புக்குப் பின் வேறொன்று.
புளி சேர்க்க வேண்டும்.
மகள் ஜெர்மனில் மாற்றிக் கொடுத்தாள்.
கடைசி வரி அவர்களுடைய மொழியில்
கட்டளை போல விழுந்துவிட்டது.
படிவம் திரும்பி வந்தது:
கட்டம் நிரப்பப்படவில்லை.

ஒக்டோபரில் ஓரிரவு உறைபனி.
காதுகள் எல்லாம் கறுத்து
ஈரக் காலுறைகளாய்த் தொங்கின.
கிண்டினேன்.
மயிர் மூடிய குஞ்சுகள், தாயைக் கட்டிப் பிடித்தபடி,
ஐந்துக்கு முப்பத்தொன்று.
கை அரித்தது, எண்ணுவதை விடவில்லை.

நிமிர்ந்தால், வேலிக்கு அப்பால்
வாளியோடு ஹுன்ட்சிக்கர் அம்மா.
கோடை முழுக்க என்னோடு கதைக்காதவ.
"ரெண்டு தா."
சமைக்கவா என்றேன்.
தலையை ஆட்டி மறுத்தா.
"ராவில ஒரு மான் வருகுது.
என்ர சலாட்டை ஒன்றும் மிச்சமில்லை.
அதுவும் ஒருக்கால் கடிச்சுப் பார்க்கட்டும்."

மூன்றாகக் கொடுத்தேன்.
மே வரைக்கும் மணலுக்குள் வையுங்கோ,
குளிர் தாங்காது என்றேன்.
"எனக்கும்தான்" என்றா.

மிச்சக் கிழங்கு குசினி மேசையில் உலர்கிறது,
சங்கத்துப் படிவத்தை விரித்து, அதற்கு மேல்.
இரண்டு கட்டத்திலும்
இப்போது மண்.